மூச்சிரைக்க ஓடட்டும் நம் பிள்ளைகள்

  

நம் பள்ளித் திடலில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருநூறு மீட்டர் ஓட்டத்தை ஓடி முடித்தாள். முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தவாறு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார் அக்காட்சியைக் கண்டதும் பதறிப்போனார். "சார், பிள்ளைக்கு எப்படி மூச்சு வாங்குது பாருங்கள். இனி ஓட வேண்டாம். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். உடன் வந்திருந்த பாட்டியோ சிரித்தார். நாற்பது ஆண்டுக் காலம் பால்மரம் வெட்டியவர் அவர். "காண்டாவில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினபோது நாங்கள் இளைக்காத நாள் உண்டா, தாயி? யார் எங்களை உட்காரச் சொன்னார்கள்? கொஞ்சம் நின்றால் மூச்சு தானாகத் திரும்பும்" என்றார்.

தாயின் அச்சம் அன்பில் பிறந்தது. பாட்டியின் சொல் பட்டறிவில் பிறந்தது. இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்பாய் என்று என்னைக் கேட்டால், பாட்டியின் பக்கமே நிற்பேன். ஓடுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்குவது நோயன்று; உடல் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதைக் கண்டு அஞ்சிப் பிள்ளையை உட்கார வைப்பதுதான் நோய்க்கு வழி திறப்பதாகும். இக்கருத்தை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூச்சு ஏன் வாங்குகிறது?

நம் மலாக்கா மாநிலம் ரப்பருக்குப் பேர்பெற்ற மண். இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நம் புக்கிட் லிந்தாங்கில்தான். டான் சாய் யான் என்பவர் 1896ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரிவாக்கினார். ஆகவே மூச்சின் கதையைத் தோட்டத்துக் கதையாகவே சொல்லலாம்.

மார்புக்கூட்டினுள் இரண்டு நுரையீரல்கள் உள்ளன. மூக்கின் வழியே நுழையும் காற்று மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அக்குழாய், மரம் கிளைவிடுவதுபோல் பிரிந்து பிரிந்து, இறுதியில் மிக நுண்ணிய காற்றறைகளில் சென்று முடிகிறது. வளர்ந்த ஒருவரின் நுரையீரல்களில் இத்தகைய அறைகள் ஏறத்தாழ முப்பது கோடிக்குக் குறையாமல் உள்ளன. அவற்றின் சுவர்களை எல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். அது ஒரு பூப்பந்தாட்டக் களத்தைவிடச் சற்றே குறைவு. அவ்வளவு பெரிய களத்தை இயற்கை நம் சின்னஞ்சிறு மார்புக்குள் மடித்து வைத்திருப்பது வியப்பன்றோ?

இக்காற்றறைகளைப் பால் நிறுக்கும் ஸ்டோர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரத்தம் காண்டா சுமக்கும் தொழிலாளி. ஸ்டோரில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு தசைகளாகிய ஆலைக்குச் சுமந்து செல்கிறது. ஆலையில் உண்டான கரியமில வாயுவாகிய கழிவைத் திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்து ஸ்டோரிலே இறக்குகிறது. நாம் விடும் மூச்சு அக்கழிவை வெளியே கொட்டுகிறது. நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. விடும் காற்றிலோ அது 16 பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

அமைதியாக அமர்ந்திருக்கும்போது ஆலைக்கு அதிக வேலை இல்லை. வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் அரை லிட்டர் காற்று போய் வருகிறது. ஓடத் தொடங்கியதும் கால் தசைகள் "இன்னும் கொண்டு வா" என்று கூவுகின்றன. காலுக்குக் கட்டளையிடும் மூளை அந்நொடியே மூச்சுக்கும் கட்டளையிடுகிறது. நுரையீரலின் கீழேயுள்ள உதரவிதானம் என்னும் தசை ஆழமாக இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள் மார்பை அகலமாக விரிக்கின்றன. இதயம் விரைந்து அடிக்கிறது. உடல்நலமுள்ள ஒருவர் கடுமையாக ஓடும்போது நிமிடத்திற்கு நாற்பது முறைக்கு மேலும் மூச்சு விடுவார். நிமிடத்திற்கு நூறு லிட்டருக்கு மேலும் காற்று அவர் நுரையீரலுக்குள் போய் வரும். இதைத்தான் நாம் மேல்மூச்சு வாங்குகிறது என்கிறோம்.

ஓட்டம் நின்ற பின்பும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறதே, அது ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். தோட்டத்துக் கடையில் மாதம் முழுவதும் எழுதி வைத்துச் சாமான் வாங்குவோம். சம்பள நாளன்று கணக்கை முடிப்போம். தசைகளும் அவ்வாறே. வேகமாக ஓடும்போது பிராணவாயு வந்து சேரும்வரை காத்திராமல் கடனாக வேலை செய்துவிடுகின்றன. நின்றதும் அந்தக் கடனை மூச்சு அடைக்கிறது. கடன் அடைந்ததும் மூச்சு தணிகிறது. பாட்டி சொன்னது அறிவியலும் ஒப்பும் உண்மையே.

பயிற்சி செய்யும் மாற்றம்

நாள்தோறும் ஓடினால் நுரையீரல் பெரிதாகும் என்று பலர் நினைக்கின்றனர். வளர்ந்தவர்களுக்கு அது பெரிதும் பொருந்தாது. மாற்றம் வேறிடத்தில் நிகழ்கிறது. இதயம் வலுப்பெற்று ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை அனுப்புகிறது. தசைகளுக்குள் மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வந்து சேரும் பிராணவாயுவை வீணாக்காமல் பயன்படுத்தத் தசைகள் கற்றுக்கொள்கின்றன. மூச்சுத் தசைகள் களைப்படையாமல் உழைக்கப் பழகுகின்றன. ஸ்டோர் அதே ஸ்டோர்தான். காண்டா சுமப்பவர் வலிமை பெறுகிறார், ஆலை திறமை பெறுகிறது. அதனால்தான் முதல் வாரம் இளைக்க இளைக்க ஏறிய மேட்டைச் சில வாரங்களில் பேசிக்கொண்டே ஏறிவிடுகிறோம்.

பிள்ளைகளின் நிலை இன்னும் சிறப்பானது. அவர்களுடைய நுரையீரல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ இருபது வயதளவில்தான் அதன் ஆற்றல் உச்சத்தை எட்டுகிறது. இளங்கன்றுக்கு எரு இடும் காலம் இதுவே. மரம் முற்றிய பின் வருந்திப் பயனில்லை.

மாணவர்களே, ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். அமைதியாக அமர்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். பின்னர் திடலை ஒரு சுற்று ஓடி வந்து மீண்டும் எண்ணுங்கள். மூச்சு பழைய அளவுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் தவறாமல் ஓடிய பின் இதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். குறிப்பேட்டில் நீங்களே எழுதிய எண்கள் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

நம்மவர் ஓடிய ஓட்டங்கள்

இந்நாட்டின் விளையாட்டு வரலாற்றில் நம்மவர்களின் மூச்சும் கலந்திருக்கிறது. மருத்துவம் பயின்றுகொண்டே ஓடி, "பறக்கும் மருத்துவர்" என்று பெயர் பெற்றவர் எம். ஜெகதீசன். 1966ஆம் ஆண்டில் பேங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். அதே போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற வீராங்கனை எம். ராஜமணி.

இரண்டாண்டுகளுக்குப் பின் 1968இல் மெக்சிகோ நகர ஒலிம்பிக் போட்டியில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் ஓடி அரையிறுதியை எட்டினார். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று மெல்லியது. காற்றின் தடை குறைவதால் குறுந்தொலைவு ஓடுவோர்க்கு அது நன்மை. நெடுந்தொலைவு ஓடுவோர்க்கோ ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற வீரர் ரான் கிளார்க் 10,000 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் அங்கு மயங்கி விழுந்தார். அவருக்குப் பிராணவாயு கொடுக்க நேர்ந்தது. நெடிய ஓட்டத்துக்கு மூச்சே முதல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஜெகதீசனின் அந்தச் சாதனையோ நாற்பத்தொன்பது ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017இல் அதை முறியடித்தவர் கைருல் ஹாபிஸ் ஜந்தான். அவர் நம் மலாக்கா மண்ணின் மைந்தர் என்பது நமக்குப் பெருமை.

மூச்சின் வலிமைக்கு வேறோர் எடுத்துக்காட்டு ஜி. சரவணன். 1998இல் கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் அவர் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஓயாமல் விரைந்து நடந்த நடை அது. அத்தகைய மூச்சு ஒரே நாளில் வந்ததன்று. ஆண்டுக்கணக்கில் இளைத்து இளைத்துச் சேர்த்த செல்வம் அது.

பெற்றோரின் ஐயங்கள்

"நாங்கள் தோட்டத்தில் உழைத்தோம், உழைப்பே உடற்பயிற்சிதானே? தனியாக எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பது முறையே. பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்று, மேடும் பள்ளமுமான நிரையில் நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வந்தவர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு? ஆனால் பிள்ளைகள் வாழும் வாழ்க்கை வேறு. ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளிலும் தாமான்களிலும் வாழ்கின்றன. பிள்ளை வாசலில் வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிறது. மாலையில் கைப்பேசி, இரவில் தொலைக்காட்சி. பாட்டி எழுபது வயதில் ஏறும் மேட்டைப் பேத்தியால் பதினொரு வயதில் ஏற இயலவில்லை என்றால், குறை பேத்தியிடம் இல்லை. நடக்கவும் ஓடவும் நாம் அவளுக்கு இடம் வைக்கவில்லை.

"என் பிள்ளைக்கு ஈளைநோய் இருக்கிறதே!" என்பது மற்றோர் ஐயம். ஈளைநோய் எனப்படும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. ஓட்டமும் சில வேளைகளில் அச்சுருக்கத்தைத் தூண்டும். ஆயினும் நோய் கட்டுக்குள் இருக்கும்போது பயிற்சி அப்பிள்ளைக்கும் நன்மையே தரும். மருத்துவரிடம் கேளுங்கள், அவர் சொல்லும் முறைப்படி மருந்தைத் தவறாமல் கொடுங்கள், இன்ஹேலரைப் புத்தகப் பைக்குள் வைத்தனுப்புங்கள், வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். மெல்ல நடந்து உடலைச் சூடேற்றிய பின்னரே ஓட விடவேண்டும். இங்கிலாந்து நாட்டு வீராங்கனை பாவ்லா ராட்கிளிஃப் பதினான்கு வயதில் ஈளைநோய் கண்டறியப்பட்டவர். அவரே 2003ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார்.

எல்லா மூச்சிரைப்பும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. மூச்சில் விசில் போன்ற ஒலி எழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மயக்கம் வந்தாலும், ஓய்வெடுத்த பின்னும் இரைப்பு தணியாவிட்டாலும் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நல்ல இரைப்பு ஓய்வெடுத்தால் தணியும். தணியாததே நோயின் குறி.

காற்று கெட்டிருக்கும் நாளிலும் ஓடக்கூடாது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். நமக்கு அண்டையிலுள்ள மூவாரில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து நிலை. ஓடுகிறவன் அமர்ந்திருப்பவனைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறான். புகைமூட்டத்தில் ஓடினால் பல மடங்கு நஞ்சையும் உள்ளிழுக்கிறான். ஆகவே குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் பிள்ளைகள் மண்டபத்துக்குள் இருப்பதே தக்கது. தந்தைமார்களே, புகைமூட்டம் சில வாரங்களில் நீங்கிவிடும். வீட்டுக்குள் ஊதும் வெண்சுருட்டின் புகை ஆண்டு முழுவதும் பிள்ளையின் நுரையீரலைத் தொடுகிறது. திடலில் ஓடிச் சேர்த்த நன்மையை வீட்டுக் கூடத்தில் இழக்கச் செய்யாதீர்கள்.

என் பங்குக் குற்றம்

பிறரைச் சொல்லுமுன் என்னையும் சொல்லவேண்டும். முன்பு நான் ஆறாம் ஆண்டு வகுப்பை ஏற்றிருந்த காலத்தில், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கும்போதெல்லாம் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டவன் நான். பெற்றோர் பாராட்டினர், நானும் மகிழ்ந்தேன். அவ்வாண்டு நடந்த குறுக்கோட்டத்தில் என் மாணவர்கள் பாதி வழியிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். புல்தரையில் அமர்ந்த ஒருவன், "சார், எங்களுக்கு மூச்சே இல்லை" என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவர்களுக்கு மூச்சு இருந்தது. அதைப் பழக்க வேண்டிய நேரத்தை நானே பறித்திருந்தேன்.

மறு ஆண்டு காலைச் சபைகூடலுக்கு முன் பத்து நிமிடம் திடலைச் சுற்றி வரச் செய்தேன். முதலில் நடை, பின்னர் நடையும் ஓட்டமும், அதன்பின் ஓட்டம். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே நின்றவர்கள் மூன்றாம் மாதத்தில் நான்கு சுற்று வந்தார்கள். கணிதப் புள்ளிகள் குறையவில்லை. வகுப்பில் கொட்டாவிதான் குறைந்தது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் உடற்கல்வி நேரத்தைக் கடன் கேட்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கியபாடில்லை.

நம் கடமை

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் நன்கு மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்கவேண்டும். இதைப் பள்ளி மட்டும் தனித்து நிறைவேற்ற இயலாது. ஆசிரியர்கள் உடற்கல்வி நேரத்தை உடற்கல்விக்கே விடவேண்டும். பெற்றோர்கள் மாலையில் ஒரு மணி நேரம் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பவேண்டும். இயன்றால் தாமும் உடன் நடக்கவேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிந்து, பாட முடியாமல் போனால் அதுவே நல்ல வேகம். காலணி வாங்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். புல்தரையில் வெறுங்காலோடும் ஓடலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் திடலின் புல்லை வெட்டி, பள்ளங்களை நிரவிக் கொடுத்தால் அது பேருதவியாகும். பெண் பிள்ளைகளை "நீ ஓடியது போதும்" என்று அழைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். ராஜமணியை அவ்வாறு அழைத்துக்கொண்டிருந்தால் பேங்காக்கில் அந்தத் தங்கம் ஏது?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பர் நம் முன்னோர். கல்வி சித்திரமென்றால் உடலே சுவர். அச்சுவரைத் தாங்கி நிற்பது மூச்சு.

தொடக்கத்தில் சொன்ன மாணவியின் கதையை முடிக்கவேண்டும் அல்லவா? பாட்டி பேசி முடிப்பதற்குள் அவளுடைய மூச்சு தணிந்துவிட்டது. "அம்மா, இன்னொரு முறை ஓடட்டுமா?" என்று கேட்டாள். தாயார் சிறிது நேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார். போட்டி நாளன்று அவள் நான்காவதாக வந்தாள், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் வேலியோரத்தில் நின்று கைதட்டியவர்களுள் முதற்கை அந்தத் தாயாருடையதே.

ஓடட்டும் நம் பிள்ளைகள், மூச்சிரைக்க ஓடட்டும்! வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!